கரும்பலகையின் மேற்பாதி

அறிவிப்புப் பலகையில் அந்தக் காகிதம் ஒட்டப்பட்ட நாளிலிருந்து கணித ஆசிரியருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அஃது இயேசு சபைத் துறவியர் நடத்தும் பள்ளி. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தல் ஆகாது. மாணவரின் உடல், மனம், அச்சம், ஆசை என முழு ஆளையும் பேண வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதன்பொருட்டுத் தலைமையாசிரியரான பாதிரியார் அவ்வாண்டு ஒரு புது வழக்கத்தைத் தொடங்கினார். பத்தாம் வகுப்பினர் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஆசிரியரின் பெயருக்குக் கீழே தம் பெயரை எழுத வேண்டும். செவ்வாய்தோறும் கடைசிப் பாடவேளையில் அவரிடம் மனம்விட்டுப் பேசலாம்.

விளையாட்டு ஆசிரியருக்குக் கீழே பத்தொன்பது பெயர்கள். இடம் போதாமல் ஓரத்திலும் ஏறி நின்றன. கணித ஆசிரியருக்குக் கீழே காகிதம் பளிச்சென்று இருந்தது.

“என்ன சார், உங்க பக்கம் காத்தாடுது?” என்றார் வேதியியல் ஆசிரியை. “மனசுல உள்ளதைச் சொல்ல வந்தா, அதையும் படிப்படியா எழுதிக் காட்டச் சொல்வீங்கன்னு பயப்படுதுங்க.”

அவர் சிரித்து வைத்தார். ஆயினும் பாதிரியார் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொன்னதற்கு அவரால் சிரிக்க இயலவில்லை. “ஒருத்தர்கூட வரலைன்னா, அடுத்த வருஷம் வகுப்பாசிரியர் பொறுப்பை விளையாட்டு சாருக்கே கொடுத்துடலாம்னு இருக்கேன். தப்பா நினைக்காதீங்க.”

இருபத்தாறு ஆண்டுகள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவருக்குச் சுழியம். விசில் ஊதிவிட்டு நிழலில் நிற்பவருக்குப் பத்தொன்பதா?

செவ்வாய்க்கிழமை வந்தது. கணித ஆசிரியர் காலி வகுப்பறையின் சன்னலோரம் நின்று, விடைத்தாள் திருத்துவதுபோல் பாவனை செய்துகொண்டு, மைதானத்தையே பார்த்திருந்தார். விளையாட்டு ஆசிரியர் படிக்கட்டில் அமர்ந்து ஒரு மாணவனின் முழங்காலைத் தொட்டு ஏதோ கேட்டார். சூழ இருந்தவர்கள் சிரித்தனர். ‘இதுவரை நான்கு முறை சிரித்துவிட்டார்கள்’ என்று மனத்துக்குள் கணக்கு வைத்துக்கொண்டார்.

“உள்ள வரலாமா சார்?”

வாசலில் ‘அறுபத்திரண்டு’ நின்றிருந்தாள். மாணவர்களை அவர் மதிப்பெண்ணாலேயே நினைவில் வைத்திருந்தார். இவள் கடைசி வரிசை.

“விளையாட்டு சார் அனுப்பினாரா? பாவம், தனியா இருக்காருன்னு?”

“யாரும் அனுப்பல சார். அங்க எழுதின என் பேரை நானே அடிச்சிட்டு வந்தேன்.” சற்றுத் தயங்கியபின் கேட்டாள்: “உங்க தோள்பட்டை எப்படி இருக்கு?”

அவர் கையிலிருந்த சிவப்புப் பேனா மேசையில் உருண்டது.

“ஒன்றரை மாசமா பலகையில கீழ்ப்பாதியிலதான் எழுதுறீங்க. அழிக்கும்போது இடது கை. பின்னாடி நாங்க எல்லாரும் எக்கி எக்கிப் பார்க்கிறோம். எனக்குக் கழுத்தே ஒரு விரல் நீண்டுடுச்சு.”

தோள் இறுகிக் கை மேலெழாமற்போனதை அவர் மனைவியிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் ஓய்வெடுக்கச் சொல்லுவார்கள். ஓய்வெடுத்தால் தம் இடத்தில் வேறொருவர் நிற்பார் என்னும் அச்சம். அதனைக் கடைசி வரிசை கண்டுபிடித்துவிட்டது.

“இது அவருக்குத் தெரியுமா?”

“விளையாட்டு சாருக்கா? தெரியாது சார்.”

அவருக்குள் குளுகுளுவென்று ஒரு மகிழ்ச்சி பரவியது. பரவிய வேகத்திலேயே முகம் சுருங்கிற்று. ஒரு பெண்பிள்ளை தம் வலியைக் கேட்டு வந்து நிற்கிறாள். தமக்கோ அப்போதும் மைதானத்து ஆள்தான் முன்னே வந்து நிற்கிறார்.

“சரி, நீ எதுக்கு வந்த?”

அவள் பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். “நானும் ஒண்ணை மறைச்சு வச்சிருக்கேன் சார். அங்க அத்தனை பேர் நடுவுல சொல்ல முடியாது. மறைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும்ல.”

அவர் இடது கையால் சன்னலைச் சாத்தினார். நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, அவளுக்கு எதிரே அமர்ந்தார். மைதானத்திலிருந்து ஐந்தாவது சிரிப்பு எழுந்தது. அவர் திரும்பவில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஒரு முறை திரும்பத்தான் செய்தார். பிறகு, நாக்கு நுனிவரை வந்துவிட்ட ‘அறுபத்திரண்டை’ விழுங்கிக்கொண்டு,

“சொல்லும்மா,” என்றார்.