நாற்பது நாள் கசப்பு

குமுஷ் மலைநாட்டு வழக்கப்படி தேநீரில் உப்பைப் போட்டுக் கலக்கியபடியே, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் தான் கொடுத்த மருந்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சனாஷ் இறந்து அன்று மூன்றாம் நாள். இன்னும் சற்று நேரத்தில் எடுத்துவிடுவார்கள்.

நெஞ்சுச் சளியும் இராவெல்லாம் வேர்வையுமாகக் கிடந்த மனுஷன். ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு அவளே காட்டுக்குப் போய், லார்ச் என்ற ஊசியிலை மரத்தில் பலகைபோல ஒட்டி வளரும் காளானைப் பெயர்த்து வந்தாள். இடித்துத் தேனில் குழைத்து நாற்பது நாள் கொடுத்தாள். வேர்வை நின்றது. நிம்மதியாகத் தூக்கத்திலேதான் போனார். அந்த மரத்துக்கு ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன் என்றாள்.

"முகத்தைச் சுளிச்சிக்கிட்டேதான் முழுங்குவாரு. உன் கையால இப்படியொரு கசப்பான்னு திட்டுவாரு" என்று கணவனின் அண்ணன் தொய்தோனிடம் சொன்னாள்.

கணவாயில் பனி விழுந்து வழி மறித்ததால் அன்று காலைதான் அவர் வந்து சேர்ந்திருந்தார். அண்ணனும் தம்பியும் இளவயதில் கோடை முழுக்க லார்ச் காளான் சேகரித்தவர்கள். மிச்சத்தைக் காட்டச் சொன்னார். ஓரத்தில் சிவப்பு வளையம் ஓடிய கட்டியிலிருந்து ஒரு துணுக்கை ஒடித்து மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"என்ன அத்தான்?"

அவர் தயங்கித்தான் சொன்னார்.

"இது லார்ச் காளான் இல்லம்மா. அது சுண்ணாம்பாட்டம் வெளுத்து உதிரும். ஒருவாட்டி நாக்குல வச்சா சாயங்காலம் வரைக்கும் கசப்பு போகாது. இது வேற ஏதோ மரத்துது. கெடுதல் ஒண்ணும் இல்ல."

மரமே இல்லாத மேட்டுநிலத்தில் பிறந்தவள் குமுஷ். அவள் காளான் பெயர்த்த, தீயில் கருகிப் பட்டையுதிர்ந்த மரம் எதுவென்று அவளுக்கு எப்படித் தெரியும்? விரலில் தொட்டு நக்கிப் பார்த்தாள். மரத்தூளைத் தின்றதுபோல இருந்தது. கசப்பே இல்லை.

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமா அத்தான்?"

"மொத கரண்டியிலேயே."

காலைதோறும் அடுப்புக்கு மேலே ஒரு சட்டை காய்ந்துகொண்டிருக்கும். தேநீரைக் கொட்டிவிட்டேன் என்பார். நாற்பது நாளும் வேர்வைக்குப் பதில் தேநீர்தான் கொட்டியிருக்கிறது, அவளும் நம்பியிருக்கிறாள். தோற்றுப்போனோம் என்று அழத்தான் வாயைத் திறந்தாள். அழுகைக்கு முன்னால் நன்றிதான் வந்தது. இப்படியொரு மனுஷனோடு வாழக் கொடுத்துவைத்திருந்தாள்.

வெளியே ஆட்கள் கூப்பிட்டார்கள். தொய்தோன் அந்தக் கட்டியை அடுப்பில் போடக் கை நீட்டினார். குமுஷ் கொடுக்கவில்லை. துணியில் முடிந்து எடுத்துப்போய், சனாஷின் விலாப்பக்கம் வைக்க இடம் தேடினாள்.

தொய்தோன் குனிந்து, தம்பியோடு புதைக்க அங்கே வைத்திருந்த புகையிலைப் பையைக் கொஞ்சம் நகர்த்தினார்.