சர்மிளா மாற்றிய மாத்திரை

சர்மிளாவின் கை கொழுந்தில் இருந்தாலும் மனசு தேயிலைத் தொழிற்சாலைப் பக்கமே ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்குள் மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டாள்.

"கொழுந்து போன்லயா மொளைக்குது?" என்றார் கங்காணி கந்தப்பன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள் புருஷன் சுதாகரனுக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய். நான்கு வருஷமாகத் தினமும் காலையில் அவள்தான் மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைப்பாள். அவன் என்ன ஏதென்று பார்க்காமல் விழுங்கிவிட்டு ஓடுவான். போன மாதம் போனில் ஒரு வீடியோ வந்தது. சீனி மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும், வெந்தயத் தண்ணீரே போதும் என்றார் வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர். சுதாகரனின் அண்ணன் கிட்னி கெட்டுத்தான் செத்தார். கிளினிக் டாக்டரம்மா சிங்களத்தில் இரண்டு நிமிஷம் பேசுவார். இந்த மனுஷனோ நல்ல தமிழில், அவசரமே இல்லாமல், அம்மா அம்மா என்று கூப்பிட்டுப் பேசினார். யாராக இருந்தாலும் மயங்கத்தான் செய்வார்கள். அவள் சீனி மாத்திரையை ஒளித்துவைத்துவிட்டு, கிளினிக்கில் தனக்குத் தந்திருந்த கல்சியம் மாத்திரையை அவன் கையில் வைத்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கிளினிக்கில் பார்த்தால் சீனி எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா என்று டாக்டரம்மா கேட்டார். சுதாகரன் வாய் திறப்பதற்குள் சர்மிளா முந்திக்கொண்டு "ஒவ் மிஸ்" என்றாள். பெரிய இடத்து ஆட்கள் சிங்களத்தில் எதைக் கேட்டாலும் ஆமாம் போட்டே பழகிய வாய் அது. மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டரம்மா தினம் ஒரு மாத்திரை என்றிருந்ததை இரண்டு மாத்திரையாகக் கூட்டினார். பயந்துபோனவள் மறுநாளிலிருந்து நிஜ மாத்திரையையே, சொன்னபடி இரண்டிரண்டாகக் கொடுத்தாள். இன்று மூன்றாம் நாள். காலையில் அவனுக்குக் குப்பென்று வேர்த்திருந்தது. ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

மறுபடி போனைத் தட்டினாள். ஒரு வீடியோ பயப்படாதே என்றது. அடுத்தது உயிருக்கே ஆபத்து என்றது. மூன்றாவது ஏதோ பொடி விற்றது. போனைத் தூக்கி எறியலாமா என்று வந்தது அவளுக்கு. அப்போதுதான் அவனோடு வேலை செய்யும் கிஷாந்த் கூப்பிட்டான்.

"அக்கா, அண்ணனுக்குக் கையெல்லாம் நடுங்குது. ஒளறுறாரு. சீக்கிரம் வாங்க."

கூடையை இறக்கிப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடிக்கொண்டே தோட்டத்து டிஸ்பென்சரி கனகலிங்கம் ஐயாவைப் போனில் பிடித்தாள். யாழ்ப்பாணத்துக்காரர், எரிந்து விழுவார் என்று யாரும் அவரிடம் எதையும் முழுசாகச் சொல்வதில்லை.

"சீனி இறங்கிப்போச்சுது பிள்ளை. முழிப்பு இருந்தா உடன சீனியைக் கரைச்சுக் குடுங்கோ. நான் வாறன்."

அதைச் சொல்லலாம் என்று கூப்பிட்டால் கிஷாந்த் போனை எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது நாலு பேர் சுதாகரனைத் தாங்கிப் பிடித்து, அக்கறையாக, சீனி போடாத பிளேன் டீயைப் புகட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சீனி போடுங்க."

"சீனி வருத்தக்காரருக்குச் சீனியா? என்னக்கா பேசுறீங்க?"

அவள் கோப்பையைப் பிடுங்கினாள். நாலு கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கி அவன் வாயில் வைத்தாள். பாதி அவன் சட்டையில் கொட்டியது. மீதியைக் குடித்தான். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கனகலிங்கம் வந்து விரலில் குத்திப் பார்த்தார். "மருந்து ஆர் குடுக்கிறது?"

"இவதாங்க ஐயா. நாலு வருஷத்துல ஒரு நாளு கூட மறந்ததில்ல. டாக்டர் சொன்னா சொன்னபடி." அந்தச் சோர்விலும் சுதாகரன் முகத்தில் பெருமை தெரிந்தது.

"அப்ப டாக்டரம்மாதான் தப்பா எழுதியிருக்காங்க. நாளைக்கே போய்க் கேப்போம்" என்றான் கிஷாந்த். எல்லோரும் ஆமாம் என்றார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், பழி அந்தச் சிங்களப் பெண்ணின் தலையில் விழுந்துவிடும். ஆனால் நாளைக் காலையில் எத்தனை மாத்திரை கொடுப்பது?

"நான் குடுக்கலைங்க ஐயா" என்றாள் சர்மிளா. "கிளினிக் போற வரைக்கும் மூணு கெழமையா சீனி மாத்திரையே குடுக்கல. கல்சியத்தக் குடுத்துட்டு, டாக்டரம்மாகிட்டப் பொய் சொன்னேன்."

கனகலிங்கம் எரிந்து விழவில்லை. சுதாகரன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

"நீ என்னாத்தக் குடுத்திருந்தாலும் முழுங்கியிருப்பேனே சர்மிளா."