நாற்பது நிமிட நடை

ஒரே விடை உள்ள கேள்வி என்றாலே கணக்கு டீச்சருக்கு ஆகாது. கெட்டிக்காரப் பிள்ளைகள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்கள், அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பாள். இந்த முறை சிறப்பு வகுப்புக்கு அவள் எழுதிய கேள்வி இது:

"பள்ளியிலிருந்து வீடு 1200 மீட்டர். பத்து வயதுச் சிறுமி பதினைந்து நிமிடத்தில் நடந்துவிடக் கூடியவள். ஆனால் தினமும் சரியாக நாற்பது நிமிடம் எடுக்கிறாள். பொருந்தும் காரணங்களை எழுதி, மிகப் பொருத்தமானதை நிறுவுக."

கேள்வி தயாரிக்கிறவர்கள் செய்கிற தப்புத்தான். எண்களுக்கு எங்கே அலைவது என்று சொந்த வீட்டிலிருந்தே எடுத்துவிட்டாள். அந்தச் சிறுமி அவளுடைய பெரியவள். ஏன் தாமதம் என்று கேட்டால் வாயே திறக்கமாட்டாள். போன வருடம் சின்னவள், மூன்று வயதுக் குட்டி, காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததிலிருந்து டீச்சருக்கு ஒரே பயம், இவளும் கையைவிட்டுப் போய்விடுவாளோ என்று. வகுப்பிலாவது யாராவது காரணம் சொல்லட்டுமே!

மதியம் வீடு திரும்பியதும் பதினோரு தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். தோழி வீடு, நாய்க்குட்டி, ஐஸ்கிரீம் வண்டி. ஒருத்தன் செருப்பு அறுந்தது என்று எழுதி, தினமுமா அறும் என்று தானே கேட்டு அடித்திருந்தான். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது.

கடைசித் தாள் பின்வரிசைக்காரியுடையது. வாயில்லாப் பூச்சி அவள்.

"வழியில் நின்றால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். எனவே அவள் எங்கும் நிற்கவில்லை. நிமிடத்துக்கு முப்பது மீட்டர், சிறு குழந்தையின் நடை. அவள் ஒரு குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறாள். சரிபார்க்க: மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுவாள்."

டீச்சர் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தாள். அதில் மாடிப்படியே இல்லை.

மணி நாலு பத்து. கீழே கேட் கிரீச்சிட்டது. ஒரு படி ஏறும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. இன்னொரு படி. பதினெட்டுப் படிக்கும் அப்படியே. டீச்சர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

பெரியவள் மட்டும்தான் நின்றாள். வலது கை பக்கவாட்டில் தாழ்ந்து, விரல்கள் எதையோ பொத்திப் பிடித்திருந்தன.

"ஏண்டி இவ்வளவு நேரம்?" திட்டத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

பெரியவள் பிடியை விட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள். டீச்சரின் கை பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தப் போனது. தினமும் அப்படித்தான், மகள் காலை வைத்ததும் சாத்தித் தாழ் போட்டுவிடுவாள்.

"அம்மா, இன்னைக்காவது சாத்தாதம்மா!"

"ஏன்?"

"நிலைப்படி உயரமா இருக்குல்ல, அவளுக்குக் கால் எட்டல. ஏறுறதுக்குள்ள நீ சாத்திடுற. திரும்ப ஸ்கூல் வாசலுக்கே போயிடுறா. நான் தினமும் முதல்லேருந்து கூட்டிட்டு வரவேண்டியிருக்கு."

டீச்சர் கதவை அகலத் திறந்தாள். வாசலில் ஒன்றுமில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"வாடி குட்டி," என்றாள்.

கை கனத்தது.