ஜெபமணி வீட்டு இருட்டு

1996 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை முதல், புனேயின் விஷ்ராந்த்வாடியில் ஜெபமணியின் வீட்டுக்குள் மட்டும் பொழுது விடியவில்லை. பக்கத்து வீட்டுக் கனகவல்லியின் ஜன்னலில் அடித்த அதே வெயில், இந்த வீட்டுக்கு வந்ததும் வாசலோடு நின்றுகொண்டது. மின்வாரியத்து ஆள் வந்து மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மின்சாரம் ஒழுங்காக வருகிறது, வெளிச்சம் தங்கள் இலாகா இல்லை என்று இந்தியில் சொல்லிப் போனான். அவன் சொன்னதில் தப்பில்லை. பல்பு எரிந்தது. மின்மினி அளவுக்கு அதன் இழை தெரிந்தது. ஆனால் சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும் கை தெரியவில்லை.

அதற்கு முந்தின நாள்தான் மகள் கீர்த்தியை அடக்கம் பண்ணியிருந்தார்கள். கல்லூரியில் கடைசி வருஷம் படித்தவள், மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். தகப்பன் பொன்னுத்துரைக்குக் கிர்க்கி வெடிமருந்து ஆலையில் வேலை. போனார், வந்தார், போட்டதைச் சாப்பிட்டார். கடவுளோடு மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஜெபமணி நிறுத்தவில்லை. கோபம் அவளுக்கும் உண்டு. ஆனால் அவள் கோபத்தை ஆளிடமே நேராகச் சொல்லுகிற ஜாதி. தடவித் தடவி அடுப்பைப் பற்றவைத்து, உப்பையும் சீனியையும் நக்கிப் பார்த்துப் பிரித்து, சாயங்கால ஜெபத்துக்குத் தனியாளாக உட்கார்ந்து, "இருட்டுல வச்சிட்டீரு. சரி. நீரும் எங்கயும் போவாம இங்கனயே இரும்," என்று முடிப்பாள். பொன்னுத்துரை அந்தப் பக்கம் இருமுவார். ஆமென் வராது.

கேம்ப் பகுதியில் அவர்கள் போய்வந்த சபையின் கமிட்டி இதற்கென்றே கூடியது. இது மறைவான பாவம் என்றார் ஒரு மூப்பர். யாருடைய பாவம் என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். இது சோதனை, சீக்கிரமே இரட்டிப்பாகத் திரும்பக் கிடைக்கும் என்றார் இன்னொருவர். மகள் எப்படி இரட்டிப்பாகக் கிடைப்பாள் என்பதை அவர் விளக்கவில்லை. பொருளாளர் மட்டும், கூட்டம் முடிந்தபின் ஜெபமணியைத் தனியே அழைத்து, வாசலைக் கிழக்கே மாற்றிப் பார்க்கலாம், தான் சொன்னதாகச் சொல்லவேண்டாம் என்றார். அடுத்த மாதம் பெரிய பிரசங்கியார் ஒருவர் ஒலிபெருக்கியோடு வந்தார். இருட்டை வெளியேறச் சொல்லி அதட்டினார். இருட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. பிரசங்கியார் வெளியேறினார், ஒரு காலில் பொன்னுத்துரையின் செருப்போடு. இருள் அகன்ற வீடு என்று பிறகு அவர் பத்திரிகையில் வந்த படத்தில் வெளிச்சம் கொட்டியது. அது கனகவல்லியின் வீடு. அவள் அதை வெட்டிச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள்.

இப்படியே வருஷங்கள் போயின. ஆட்சிகள் மாறின, பாணேரில் வயல்கள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் முளைத்தன, அவற்றில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கணினி வேலைக்காரர்கள் வந்து நிறைந்தார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து ஒரு ஜெபக்குழு வைத்திருந்தார்கள். ஜெபமணியைத் தேற்றுவதற்காக 2002இல் அந்தக் குழு ரீனா என்ற பெண்ணை லேப்டாப்போடு அனுப்பியது. நம்பிக்கைக்குப் படிகள் உண்டு என்றும் அவை படத்தோடு இருக்கின்றன என்றும் ரீனா சொன்னாள். முதல் படியை உற்சாகமாக ஏறினாள். இரண்டாவதில் 'நாம் இழந்தவற்றுக்காக நன்றி சொல்வோம்' என்று இருந்தது. அங்கே அழ ஆரம்பித்துவிட்டாள். வயிற்றிலேயே கலைந்துபோன பிள்ளையைப் பற்றி அவள் குழுவில் யாரிடமும் சொன்னதில்லை. அங்கே எல்லோரும் எப்போதும் ஆசீர்வாதமாக இருந்தார்கள்.

ஜெபமணி அழுகையின் திசை பார்த்துப் போய், தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "அழு பிள்ள. இங்க யாரு பாக்கா? எனக்கே என் மூஞ்சி தெரியாது."

அடுத்த சனிக்கிழமை ரீனா லேப்டாப் இல்லாமல் வந்தாள். பிறகு வேறு சிலரை அழைத்துவந்தாள். மனைவியைப் பறிகொடுத்த ஆட்டோக்காரர் முகமது ரஃபீக், சவாரிக்கு நடுவில் வந்து கொஞ்சநேரம் உட்கார்ந்து போவார். கனகவல்லி தன் மருமகளைப் பற்றி அழ வந்தாள். அதே நேரத்தில் மருமகளும் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது இரண்டு பேருக்கும் தெரியாது. ஜெபமணிக்குத் தெரியும், சொல்லவில்லை. யாருக்கும் அவள் புத்தி சொன்னதில்லை. டீ போட்டாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், போகும்போது ஒரு சின்ன ஜெபம் பண்ணினாள். ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற பொன்னுத்துரைக்கு வேறு வேலையில்லாததால், டம்ளர்களை அவர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒருநாள் மத்தியானம் கேம்ப்பிலிருந்து, ஐயர் என்று அவர்கள் கூப்பிடும் போதகரே வந்தார். விசாரிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் எதையும் விசாரிக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை தவறாம பிரசங்கம் பண்ணுதேன், அண்ணாச்சி. மேல யாரும் கேக்காங்களான்னே தெரியல."

பொன்னுத்துரை அவர் கையைத் தேடி டம்ளரை வைத்தார். அடுப்படியில் ஜெபமணி அடுப்பை அணைத்தாள்.

"எனக்கும் தெரியல, ஐயரே," என்றார் பொன்னுத்துரை. "கேட்டுப் பாப்போம். மொத டீயக் குடிங்க."

போதகர் குடித்து முடித்ததும் பொன்னுத்துரை தரையில் முழங்காலிட்டு, இத்தனை வருஷமாகத் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் கடவுளிடம் கொட்டினார். அதில் பாதி சபையில் சொல்லத்தக்க வார்த்தைகள் இல்லை. கடைசியில், "எம் பிள்ளையப் பாத்துக்கிடும்," என்றார். போதகரும் ஜெபமணியும் ஒரே நேரத்தில் ஆமென் சொன்னார்கள். தான் பண்ணிய பிரசங்கங்களைவிட இது நன்றாக இருந்தது என்று போதகருக்குத் தோன்றியது. கமிட்டியிடம் சொல்லாமல் இருந்துவிட்டார்.

ஆனாலும் கமிட்டிக்கு விஷயம் எட்டிவிட்டது. அந்த இருட்டைச் சபையின் சொத்தாக அறிவித்து, பார்வை நேரம் எழுதிய பலகை மாட்ட ஆள் அனுப்பினார்கள். பலகையை ஜெபமணி நன்றி சொல்லி வாங்கி, அரிசிப் பானைக்கு மூடியாக வைத்துக்கொண்டாள்.

2006 ஈஸ்டர் அன்று காலையில் வெயில் வாசலைத் தாண்டி ஒரு முழம் உள்ளே வந்தது. முதலில் பார்த்தவர் பொன்னுத்துரை. சத்தம் போட்டு அவளைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் காலை நீட்டி, பாதங்களை அந்த வெயிலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவருக்கு நகம் வெட்டவேண்டும் என்று அவள் சொன்னாள். அவளுக்கு நரைத்துவிட்டதா என்று அவர் கேட்டார். குனிந்தால் தெரியும் என்று அவள் குனிந்து காட்டினாள்.

அதற்குமேல் வெயில் இன்றுவரை வரவில்லை. வரவேண்டும் என்று ஜெபமணி தினமும் கேட்கிறாள். ஆட்கள் உள்ளே வந்து உட்காருகிறார்கள். அந்த ஒரு முழத்தில் அவள் மோர்மிளகாய் காயப்போடுகிறாள். நன்றாகவே காய்கிறது.