அரைக்காத மிளகாய்

விசாலம் மிளகாய் அரைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மராட்டி பேசும் ஊரான தேஹு ரோட்டில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் அவளைத் தவிர அத்தனை பேரும், கட்டிய புருஷன் அருணாச்சலம் உட்பட, அவள் அரைத்துவிட்டாள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் அவள் பிறந்த ஊருக்கு அருகே ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. பணத்தையோ நிலத்தையோ வஞ்சகத்தில் பறிகொடுத்தவர்கள் அங்கே போவார்கள். பறித்தவன் பெயரைச் சொல்லி வரமிளகாயை அம்மியில் வைத்து அரைத்து, அங்கே நட்டிருக்கும் கல்லின் மேல் அப்பிவிட்டு வருவார்கள். அந்த எரிச்சல் போய்ச் சேரவேண்டிய ஆளிடம் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. நியாயம் கிடைத்த பிறகு திரும்பவும் போய், கல்லுக்கு எண்ணெய்க் காப்பு இட்டு அம்மனைக் குளிர வைக்க வேண்டும். வாய்தா கிடையாது, வக்கீல் ஃபீஸும் கிடையாது.

விசாலத்துக்கு அப்படி எரிய வைக்க ஓர் ஆள் இருந்தார். பரமசிவம் என்று பெயர். அருணாச்சலத்தோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அதே ஊர்ப்பக்கம். விசாலத்தை வாய் நிறைய "அம்மணி" என்று கூப்பிட்டு, தீபாவளி பொங்கல் தவறாமல் அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல விருப்ப ஓய்வு வாங்கி, கிடைத்த பணத்தைப் போட்டு, தளேகாவில் ஒரு லேத் பட்டறை ஆரம்பித்தார்கள். மிஷின் அருணாச்சலம் பொறுப்பு, காகிதமெல்லாம் பரமசிவம் பொறுப்பு. அருணாச்சலத்துக்கு மிஷினில் ஒரு நூலிழை பிசகினாலும் தெரியும். காகிதத்தில் மட்டும் பரமசிவம் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். ஒருநாள் காலையில் பட்டறைக்குப் போனால் பூட்டு மாறியிருந்தது. மிஷின்களும் ஆர்டர்களும் பரமசிவத்தின் மைத்துனன் பெயருக்குப் போயிருந்தன. பேங்க் கடன் மட்டும் நேர்மையாக அருணாச்சலத்தின் பெயரிலேயே நின்றது.

விசாலத்தின் நகையெல்லாம் அந்தக் கடனுக்குப் போயிற்று. அருணாச்சலம் யாரோ ஒருவருடைய பட்டறையில் கூலிக்கு நின்றார். அவள் இட்லி மாவு அரைத்து, ராவேத் பக்கம் இருக்கும் ஐடி குடும்பங்களுக்குப் பாக்கெட் போட்டு விற்றாள். போட்ட கேஸ் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பரமசிவம் ஒரு தடவைகூட கோர்ட்டில் தலை காட்டவில்லை. அவருடைய வக்கீல் மட்டும் வந்து, சிரித்த முகத்தோடு அடுத்த தேதி வாங்கிக்கொண்டு போவார்.

கடைசியில் அவள் ஒரு கிலோ வரமிளகாயைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் ரயில் ஏறினாள். போய் இறங்கிக் கோயில் வாசலுக்கு வந்தால், சுற்றிலும் சாரம் கட்டி வேலை நடக்கிறது. திருப்பணியாம். அம்மனைக் கலசத்தில் இறக்கி வைத்திருக்கிறார்களாம். கும்பாபிஷேகம் முடிகிறவரை மிளகாய் அரைக்க யாரையும் உள்ளே விடுவதில்லை என்று கோயில் ஆள் சொல்லிவிட்டார். விசாலத்துக்கு அந்த நிமிஷம் பரமசிவத்தின் மேல் இருந்ததைவிட அம்மன் மேல்தான் ஆத்திரம் அதிகம். இவ்வளவு தூரம் வந்தவளை நீயும் துரத்துகிறாயா என்று வாய்விட்டே கேட்டாள். மிளகாயைத் தங்கை வீட்டுக் குழம்புக்குக் கொடுத்துவிட்டு ரயிலேறினாள்.

திரும்பி வந்த வாரம் கிருத்திகை. முருகன் கோயிலில் ஒருத்தி காதோடு கேட்டாள், "அரைச்சாச்சா?" அம்மனும் கைவிட்டாள் என்று சொல்ல விசாலத்துக்கு நா எழவில்லை. "ஆச்சு" என்றாள். தீபாராதனை முடிவதற்குள் விஷயம் கோயிலை மூன்று சுற்று சுற்றிவிட்டது. அதற்கப்புறம் பரமசிவம் கோயில் பக்கம் வருவதை நிறுத்தினார். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் முகம் வெளுத்து ஒதுங்கினார். விசாலத்துக்கு இதெல்லாம் தேனாக இனித்தது, பொய் சொல்வானேன். மாவைத் தவிர எதையும் அரைக்காமல் இவ்வளவு பலன் யாருக்குக் கிடைக்கும்? ஒரே ஒரு சங்கடம், சாமி அலமாரியில் இருக்கிற அம்மன் படத்தை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு அவசரமாக நகர்ந்துவிடுவாள்.

ஆடி மாதத்து மழையில் ஒரு காலை வேளை, அருணாச்சலம் வேலைக்குப் போனபிறகு, கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் பரமசிவத்தின் மனைவி ஆனந்தவல்லி, நனைந்த சேலையோடு நின்றாள்.

"அக்கா, உள்ள வரலாமுங்களா?"

விசாலம் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஆனந்தவல்லி உள்ளே வந்து தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நீங்க அரைச்சது தப்புன்னு சொல்ல வரலீங்க்கா. எங்கூட்டுக்காரர் பண்ணுனது அநியாயந்தான், எனக்கும் தெரியும். ஆனா பலிச்சுப் போச்சுங்க்கா. இடுப்பச் சுத்திக் கொப்புளம் கொப்புளமா வந்திருக்குது. மொளகாய அரைச்சு அப்புன மாதிரி எரியுதுன்னு அழுவுறாருங்க."

"அக்கியா?"

"அக்கிதானுங்க. இங்க நாகிண்ங்கறாங்க. பாம்பு மாதிரி இடுப்பச் சுத்தி வந்து தலையும் வாலும் சேர்ந்துச்சுன்னா ஆளு பொழைக்காதுன்னு பக்கத்து ஃபிளாட் மராட்டிக்காரம்மா சொல்றாங்க. இன்னும் நாலு விரக்கடை தானுங்க்கா பாக்கி."

விசாலத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சுடச்சுட வந்தது. அதை மறைக்க அவள் அடுப்பங்கரைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"டாக்டர்கிட்டக் காட்டலையா?"

"காட்டுனமுங்க. இது சாதாரணமா வர்றதுதான், மாத்திரை போட்டா ஆறிடும், ஆனா சர்க்கரை இருக்குது, தள்ளிப் போடாதீங்கன்னாரு. இவரு ஒண்ணக்கூட வாயில வைக்க மாட்டேங்கறாரு. அம்மன் போட்டதுக்கு டாக்டர் என்னடி பண்ணுவான், அம்மணி போய்க் குளிர வெச்சாத்தான் ஆறும்ங்கறாரு." ஆனந்தவல்லி இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்து விசாலத்தின் காலடியில் வைத்தாள். "எங்கம்மா போட்ட வளையலுங்க. இப்போதைக்கு இத வெச்சுக்கங்க. ஃபிளாட்ட வித்து மிச்சத்தக் குடுத்தறோம்னு எழுதிக்கூடத் தர்றமுங்க. நீங்க ஊருக்குப் போயி குளிர வெச்சுட்டு வந்துருங்க்கா."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்தவர் சொத்து ஒன்றும் இல்லை, தன் பணம், தன் நகை, தன் புருஷன் இருபது வருஷம் எண்ணெய்க் கறையோடு சம்பாதித்தது. 'போறேன், அவரை முதலில் மாத்திரையைப் போடச் சொல்' என்று சொன்னால் அந்த ஆளும் பிழைத்துக்கொள்வார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? விசாலம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணக்கு எல்லாப் பக்கமும் சரியாகத்தான் வந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. பரமசிவத்துக்கும் அன்றைக்குக் கணக்கு இப்படித்தான் சரியாக வந்திருக்கும். இல்லாத ஒன்றைக் காட்டி, நம்புகிறவர்களிடம் வாங்கிக்கொள்வது. அவர் காகிதத்தை வைத்துச் செய்தார், இவள் அம்மனை வைத்துச் செய்யப்போகிறாள். கோயில் வாசலில் அம்மன் கதவைச் சாத்தினாள். வீட்டுக்கு வந்து அவள் பெயரிலேயே கடை திறந்தது யார்? இத்தனை நாள் 'நீ பார்த்துக்கோ தாயே' என்று தினமும் சொன்னதெல்லாம் வெறும் வாய்வார்த்தை. பார்த்துக்கொள்ள அம்மனை விடவே இல்லையே.

"ஆனந்தி, நான் மொளகா அரைக்கல" என்றாள் விசாலம்.

ஆனந்தவல்லி புரியாமல் பார்த்தாள். விசாலம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சாரம் கட்டியிருந்தது, கோயில் ஆள் விரட்டியது, தங்கை வீட்டுக் குழம்பு, கிருத்திகையன்று சொன்ன பொய். சொல்லச் சொல்ல முகம் சுட்டது. சொல்லி முடித்து வளையல் பையை எடுத்து ஆனந்தவல்லியின் கையில் திணித்தாள்.

"போயி மாத்திரையக் குடு."

"நான் சொன்னா நம்புவாருங்களா? அவர சமாதானப்படுத்தப் புளுகுறேன்னுதான் நெனைப்பாரு. நீங்களே வந்து சொல்லோணுமுங்க்கா."

அந்த வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று விசாலம் சபதம் போட்டிருந்தாள். ஆனாலும் குடையை எடுத்தாள்.

இரண்டு பேரும் லோக்கல் ரயிலில் தளேகாவ் போனார்கள். புது அபார்ட்மெண்ட், லிஃப்ட், கூடம் முழுக்கப் பளபளவென்று டைல்ஸ். இதில் எந்தக் கல் என் அட்டிகை, எந்தக் கல் என் வளையல் என்று விசாலத்தின் மனசு தரையைப் பார்த்துக் கேட்டது. நல்லவளாக வந்திருந்தாலும் கேள்வி கேட்கத்தானே செய்யும்.

பரமசிவம் வேட்டியைத் தளர்த்திக்கொண்டு, வெற்றுடம்போடு ஒருக்களித்துப் படுத்திருந்தார். பக்கத்தில் வேப்பிலை. இடுப்பில் கொப்புளங்கள் செக்கச்செவேலென்று பட்டை கட்டியிருந்தன. இதே மாதிரி ஒரு காட்சியை அவள் மாவு கட்டும்போதெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். நேரில் பார்த்தபோது பார்வையைத் திருப்பிக்கொள்ளத்தான் தோன்றியது.

"அம்மணி வந்துட்டியா?" அவர் எழ முயன்று முடியாமல் சரிந்தார். "குளிர வெச்சர்றயா?"

"குளிர வெக்க ஒண்ணுமில்லீங்ண்ணா. நான் அரைக்கவே இல்ல."

"பொய் சொல்லாத. இவ உன்ற கால்ல வந்து உழுந்தாளா? எனக்குத் தெரியாதா, எனக்கு வரவேண்டியதுதான் வந்திருக்குது."

அவள் இன்னொரு தரம் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். விசாலத்துக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. இந்த ஆள் சொன்ன பொய்யையெல்லாம் நாங்கள் நம்பினோம், ஓர் உண்மையைச் சொன்னால் இவர் நம்ப மாட்டேன் என்கிறார்.

"ஆனந்தி, கற்பூரம் கொண்டா" என்றாள்.

தட்டில் கற்பூரம் எரிந்தது. விசாலம் உள்ளங்கையால் அந்த நெருப்பை அடித்து அணைத்தாள். "அம்மன் சத்தியமா உங்க பேரச் சொல்லி நான் மொளகா அரைக்கல. ஆள வெச்சு அரைக்கவும் இல்ல. போதுமா?"

பரமசிவம் அவள் கையையே பார்த்தார்.

"ஏன் அரைக்காம உட்டே?"

பெருந்தன்மையாக ஒரு பதில் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அம்மனிடம் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் தேஹு ரோடு முழுக்க வருஷக்கணக்கில் அதைப் பேசியிருக்கும். விசாலத்துக்கு ஆசையாகவும் இருந்தது.

"திருப்பணின்னு கோயில் சாத்தியிருந்துச்சு. தொறந்திருந்தா கொண்டு போன ஒரு கிலோவையும் அரைச்சிருப்பேன். உட்டது நானில்லீங்க, அவதான்."

மிளகாய் என்றால் பரமசிவத்துக்கு ஒரு வழி இருந்தது. பணத்தைக் கொடுத்துக் குளிர வைத்தால் தீர்ந்தது. இப்போது குளிர வைக்க வெளியே ஆள் யாரும் இல்லை.

"அப்ப அரைக்காமயே இப்படி எரியுதா?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆனந்தவல்லி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். இந்தத் தடவை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

விசாலம் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தப் பணம்..." என்று ஆரம்பித்தார் அவர்.

"அதுக்குத்தான் கேஸ் நடக்குது. சொல்றத அங்க வந்து சொல்லுங்க. இப்ப உடம்பப் பாருங்க."

"தேதி எப்ப?"

"அடுத்த மாசம், முதல் திங்கக்கிழமை."

"வர்றேன்" என்றார்.

அந்த வாயிலிருந்து வந்த எத்தனையோ வார்த்தைகளை விசாலம் நம்பியவள். இதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. படியிறங்கி ஸ்டேஷனுக்கு நடந்தாள். மழை விட்டிருந்தது. பிளாட்பாரத்தில் நிற்கும்போதுதான் பயம் வந்தது. வளையலும் போயிற்று, அவர் பயமும் போயிற்று. நாளைக்கே உடம்பு தேறி, பழையபடி வக்கீலை அனுப்பிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தால்? அருணாச்சலத்திடம் என்ன சொல்வது? 'தாயே, இனிமேல் என் கையில் ஒன்றும் இல்லை. நீ பார்த்துக்கோ' என்றாள். தினமும் சொல்கிற அதே வார்த்தைகள்தான். ஆனால் இன்றைக்கு அவசரமாக நகராமல், நின்று நிதானமாகச் சொன்னாள்.

ரயில் வந்தது. கூட்டம் இல்லை, ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

போன் அடித்ததில் திடுக்கிட்டு விழித்தாள். அருணாச்சலம்.

"மத்தியானச் சோத்துக்கு வந்தா ஊடு பூட்டியிருக்குது. எங்க இருக்கற?"

விசாலம் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். தேஹு ரோடு எப்போதோ போயிருந்தது.

"ஆகுர்டியில இருக்கறனுங்க. எறங்காம தூங்கிப்போட்டேன்."

"தூங்கினயா?" அருணாச்சலம் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பட்டறைக்குப் பூட்டு மாறிய நாளிலிருந்து ராத்திரியெல்லாம் அவள் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பதைப் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். "நீயா தூங்கினே?"

"ஆமாங்க" என்றாள் விசாலம். "வந்து சொல்றேன், பக்கத்தூட்டுல சாவி இருக்குது, சோத்தப் போட்டுச் சாப்பிடுங்க."