தானாகத் திறப்பவை

கம்ப்யூட்டரைப் போட்டால் போதும், எல்லாம் அழையா விருந்தாளிகளாக வந்து நிற்கும். முதலில் வானிலை. வாசற்படி தாண்ட முடியாத மனுஷனுக்கு வானிலை எதற்கு? அடுத்து ஏதோ விளையாட்டுக் கடை. அப்புறம் பழைய ஆபீஸின் பாஸ்வேர்டைக் கேட்கும் ஒரு பெட்டி. வீட்டிலேயே இல்லாத பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்று இன்னொன்று வந்து அழும். எல்லாம் ஒரேயடியாக வந்து தொலைத்தாலும் பரவாயில்லை. கிழட்டு மெஷின், ஒன்றை மூடி நிமிரும்போது அடுத்தது ஆடி அசைந்து வரும். தினமும் காலையில் அவள் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே மூடுவாள். அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

அத்தனைக்கும் அடியில் கிடப்பது எழுத்துப் பலகை. அவள் கணவனுக்கு இப்போது வாய் என்று இருப்பது அது ஒன்றுதான்.

லாரி ஓட்டிய காலத்தில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். தூக்கத்தில்கூடப் பேசுவான், பெட்ரோல் பங்கில் நின்றால் அங்கே நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். பக்கவாதம் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. கண்ணிமையும் வலது கை கட்டைவிரலும்தான் மிச்சம். விரலில் ஒரு பட்டனைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். திரையில் வெளிச்சம் எழுத்தெழுத்தாக நகரும். வேண்டிய எழுத்துக்கு வரும்போது அமுக்கினால் அது சேரும். முடித்ததும் யாரோ ஒரு பெண் குரலில் கம்ப்யூட்டர் அதைப் படிக்கும். பலகையின் மூலையில் இருக்கும் மணியை அமுக்கினால் அவளுடைய போனுக்குத் தகவல் போகும்.

நேற்று போகவில்லை. ஹோட்டல் லாண்டரியில் அவள் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது இங்கே கரண்ட் போய் வந்திருக்கிறது. மெஷின் தானாக அணைந்து தானாக எழுந்து, பலகைமேல் பெட்டி பெட்டியாக அடுக்கிவிட்டது. மதியம் வந்து ஊட்டிவிட்டுப் போன பக்கத்து வீட்டு அக்கா திரையைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவன் நாற்காலியில் சரிந்துவிட்டான். சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது கழுத்து கைப்பிடியில் மடங்கி, முகம் நீலம் பாரித்துக் கிடந்தான். திரையில் பிரிண்டர் மை கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டான்.

அதனால்தான் இன்று விடிந்ததும் விடியாததுமாக எழுந்து நாத்தனாருக்குப் போன் போட்டாள். தன் ஆபீஸில் கழித்துவிட்ட கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

"கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப், மூணையும் சேத்து அழுத்துங்க அண்ணி. ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கும்மா. வண்டி வண்டியா பேரு வருது."

"அதெல்லாம்தான் போட்ட உடனே ஓடி வருது. வேண்டாததுமேல வலது பட்டனை அமுக்கி டிஸேபிள்னு குடுங்க. பலகைய மட்டும் தொட்டுடாதீங்க. எதுக்கும் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு செய்யுங்க, அவருக்கு எது எதுன்னு தெரியும்."

போனை வைத்துவிட்டு அவள் அவன் பக்கம் திரும்பினாள். ஒரு தரம் இமைத்தால் வேண்டும், இரண்டு தரம் இமைத்தால் வேண்டாம். இது அவர்களுக்குள் எப்போதோ ஏற்பட்ட கணக்கு.

"வானிலை. வேணுமா?"

ஒரு தரம் இமைத்தான்.

சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். "விளையாட்டுக் கடை?"

ஒரு தரம்.

"ஏங்க, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. பிரிண்டர். நம்மகிட்ட பிரிண்டரே கிடையாது. வேணுமா?"

ஒரு தரம்தான். பட்டியல் முழுக்கக் கேட்டாள். ஒன்றைக்கூட அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து முட்டியது. "விளையாடுறீங்களா? நேத்து உங்களை எந்தக் கோலத்துல பாத்தேன்னு தெரியுமா? தினம் தினம் லேட்டாப் போறேன்னு சூப்பர்வைசர் நேத்தே கடைசியாச் சொல்லிட்டான். இன்னைக்கும் ஹோட்டல் வேனை விட்டா வேலை போச்சு. நான் என்னதான் பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

சொல்ல வாய் வேண்டுமே. திரையில் மொய்த்துக் கிடந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடிப் பலகையை வெளியே எடுத்தாள். வெளிச்சம் நகர்ந்தது. கட்டைவிரல் துடித்துத் துடித்து அமுக்கியது. ஒரு எழுத்து தப்பிப்போய், அழித்து, மறுபடி போட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இதை மூடத்தான் நீ எம் பக்கத்துல உக்கார்றே" என்றது பெண் குரல்.

அவளுக்குச் சட்டென்று எதுவும் பிடிபடவில்லை. வெளிச்சம் மறுபடி நகர்ந்தது.

"மத்த நேரமெல்லாம் ஓட்டம்தான். பகல்ல பேச யாரு இருக்கா?"

அவள் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். இந்த மனுஷன், செத்தாலும் பரவாயில்லை என்று அந்த அரை மணி நேரத்தைப் பிடித்துவைத்திருக்கிறான். அவளோ அந்த அரை மணி நேரத்தில் அவன் முகத்தை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தாளா என்று யோசித்தாள். பார்த்த ஞாபகம் இல்லை.

"உக்கார்றேங்க. இதெல்லாம் இல்லாட்டியும் உக்கார்றேன். இதே நேரத்துக்கு எந்திரிச்சு சும்மாவே பக்கத்துல உக்கார்றேன். சத்தியமா."

அவன் இரண்டு தரம் இமைத்தான். நம்பவில்லை.

நம்பாவிட்டால் போகட்டும், உயிரோடு இருக்கட்டும் என்று அவள் மவுஸை எடுத்தாள். வானிலையை நிறுத்தினாள், கடையை நிறுத்தினாள், பிரிண்டரை நிறுத்தினாள். பலகையைத் தவிர எதையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்தக் கண்கள் இமைத்துக்கொண்டே இருந்தன. அவள் திரும்பவில்லை. மெஷினை அணைத்து மறுபடி போட்டாள்.

திரை வெளுத்தது. குறுக்கே ஒன்றும் வரவில்லை. பலகை மட்டும் பளிச்சென்று வந்து நின்றது. கரண்ட் எத்தனை தரம் போய் வந்தாலும் இனி அவன் மணியடிக்கலாம். அவளுக்கு மூச்சு வந்தது. மணி பார்த்தாள். வேன் வர இன்னும் நிறைய நேரம் இருந்தது. இத்தனை மாதத்தில் காலையில் இப்படி நேரம் மிஞ்சியதே இல்லை.

அப்பாடா என்று எழுந்தாள். சிங்க்கில் பாத்திரம் அப்படியே கிடக்கிறது. துணியை ஊறப் போட்டுவிடலாம், ஒரு எட்டு வீட்டையும் பெருக்கிவிடலாம். கொண்டையை முடிந்துகொண்டே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே அந்தப் பெண் குரல் கேட்டது.

"பாத்தியா."