பழைய எண்ணில் ஒரு சேதி

நைஜர் நாட்டின் அகதெஸ் நகருக்கு வெளியே, மணல்வெளியில் இருந்த அந்த அகதி முகாமில் வியாழக்கிழமைதான் போன் நாள். உள்ளூர்க்காரியான ரக்கியா நிவாரண அமைப்பின் வண்டியில் வந்து இறங்கி, தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே மேசையைப் போட்டு உட்காருவாள். ஆளுக்கு மூன்று நிமிடம், குடும்பத்தாரோடு மட்டும்.

அப்கர் இரண்டு வருஷமாக ஒரு வியாழன்கூடத் தவறவிட்டதில்லை. ஊர் சூடானில் நியாலா. மனைவியையும் சின்னப் பெண்ணையும் அங்கே விட்டுவிட்டு, ஐரோப்பா போய்விடலாம் என்று லிபியாவுக்குப் போனான், படகு கவிழ்ந்தது. கரைக்கு இழுத்து வந்தவர்கள் போனைப் பிடுங்கிக்கொண்டு ஒரு வருஷம் அடைத்து வைத்தார்கள். தப்பி நைஜருக்கு வந்து சேர்ந்தபோது ஊரில் சண்டை மூண்டிருந்தது. மனைவி கல்தூமாவின் எண் ஒன்றுதான் அவனுக்கு மனப்பாடம். அது அணைந்தே கிடந்தது.

அவனோடு அறையில் இருந்த மூன்று பேரில் ஒருவனுக்குக் கனடாவில் குடியேற இடம் கிடைத்தது. மற்ற இருவரும் பொறுமை இழந்து திரும்ப வடக்கே, லிபியாவுக்கே போய்விட்டார்கள். இப்போது நான்கு கட்டில்களுக்கு அவன் ஒருவன்.

அன்றைக்கு அவன் மேசைமுன் வந்து நின்றதும் ரக்கியா சிரித்தாள். "நம்பரைச் சொல்லாதீங்கண்ணே. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் என் விரலே அமுக்கும்."

மணி அடித்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மணி அடித்தது.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல்.

"கல்தூமா?"

"இல்லையே. என் பேரு மஸ்தூரா. நியாலா சந்தையில டீ விக்கிறேன். இந்த நம்பரைக் கடையில வாங்கி ஒரு வருஷம் ஆகுது. பகல்ல இங்க சிக்னலே இருக்காது, இந்த வாரம்தான் டவர் சரியாச்சு. நீங்க யாரு?"

"அப்கர். இது என் சம்சாரத்தோட நம்பர்மா."

"எந்த அப்கர்? லிபியா போன அப்கரா?"

"ஆமா."

"அட கடவுளே! உசிரோடயா இருக்கீங்க?"

போன மழைக்காலத்தில் ஒரு பெண் கூப்பிட்டாளாம். சாட் நாட்டு முகாமிலிருந்து, யாரிடமோ இரவல் வாங்கிய போனில். "இது என் பழைய நம்பர். ஓடி வந்தப்போ போன் தொலைஞ்சு போச்சு. அப்கர்னு யாராவது கூப்பிட்டா ஒரு சேதி சொல்லணும்" என்றாளாம்.

"சொல்லுங்க" என்றான் அப்கர்.

"எப்படிச் சொல்லுவேன்... நீங்க கடல்ல போயிட்டதா உங்க ஊர்க்காரங்க ரெண்டு பேர் வந்து சொன்னாங்களாம். வெள்ளை கட்டி, நாலு மாசம் பத்து நாள் துக்கம் இருந்துட்டு, அப்புறம்தான் நிக்காஹ் பண்ணிக்கிட்டேன்னா. கட்டிக்கிட்டவர் ரொட்டி சுடுறவராம். நல்ல மனுசன்னு சொன்னா. உங்க பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறாராம். ஆனா உங்க உடம்பைக் கண்ணால பாக்கலையே, அதான் மனசு கேக்கலைன்னு சொல்லி அழுதா."

மூன்று நிமிடம் முடிந்திருந்தது. கையைத் தூக்கிய ரக்கியா, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள்.

"பொண்ணு பேசினாளா?"

"இல்ல. பின்னால ஒரு குரல், யாரும்மா போன்லன்னு கேட்டுச்சு. அதுவாத்தான் இருக்கும்."

அவன் போனைக் கொடுத்ததும் ரக்கியா தணிந்த குரலில் சொன்னாள். "சாட்லயும் எங்க ஆளுங்க இருக்காங்க. தேடித் தரச் சொல்லி ஒரு மனு போட்டா கண்டுபிடிச்சிடலாம். போடட்டுமா?"

"அடுத்த வாரம் சொல்றேன்."

அந்த வாரம் முழுக்க அவன் யாரிடமும் பேசவில்லை. குழாயில் தண்ணீர் பிடித்தான், சோளமாவைக் கிளறித் தின்றான். ஒருநாள் காலையில், "ஒரு வருஷம் பொறுக்க முடியலையா உனக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினான். காலிக் கட்டில்கள் கேட்டுக்கொண்டு கிடந்தன. அவன் லிபியாவில் அடைபட்டுக் கிடந்த நாட்களில் அவள் வெள்ளை கட்டிக்கொண்டு அவனுக்காகத் துக்கம் காத்திருக்கிறாள். அதை நினைத்ததும் வெட்கமாக இருந்தது. அவன் உயிரோடு இருப்பது தெரிந்தால் அந்த நிக்காஹ் செல்லுமா என்று நாலு பேர் கேட்பார்கள். அந்த ரொட்டிக்காரர் என்ன செய்வார்? பெண் யார் வீட்டில் இருப்பாள்? இங்கிருந்து அவன் அவர்களுக்கு எதைத் தர முடியும், இந்த மணலையா?

அடுத்த வியாழன் ரக்கியா மனுவை எடுத்தே வைத்திருந்தாள்.

"அது வேண்டாம் தங்கச்சி. அதே நம்பருக்கு இன்னொரு தடவை போடுங்க."

"குடும்பத்துக்கு மட்டும்தாண்ணே. மேல கேட்டா நான் என்ன சொல்ல?"

"இந்த ஒரு தடவைதான்."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எண்களை அமுக்கினாள்.

"அப்கரா? உங்களையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் மஸ்தூரா. "கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இல்ல. அவ திரும்பக் கூப்பிட்டா, யாரும் கூப்பிடலைன்னு சொல்லிடுங்க."

"என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களே, இது நியாயமா?"

"நியாயமான்னு தெரியாது. சொல்லுங்க, அவ நிம்மதியா இருக்கட்டும்."

டீக்கடைச் சத்தம் காதில் விழுந்தது. கண்ணாடிக் கிளாஸ்கள், யாரோ சர்க்கரை கேட்டது. அவன் ஊர்ச் சந்தையின் சத்தம்.

"சரி. உங்க பொண்ணு வளர்ந்து, அவளே ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டா?"

இதை அவன் யோசித்திருக்கவில்லை. தார்ப்பாய் காற்றில் படபடத்தது. வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அவன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான். "அவ கேட்டா உண்மையைச் சொல்லுங்க. அப்ப நான் எங்க இருப்பேன்னுதான் தெரியல."

"அதுவரைக்கும் இந்த நம்பரை மாத்த மாட்டேன்" என்றாள் மஸ்தூரா. "உடம்பைப் பாத்துக்கோங்க."

மூன்று நிமிடத்தில் இன்னும் பாதி மிச்சமிருந்தது. அவன் போனை மேசைமேல் வைத்தான். "பதிவேட்டுல உறவுன்னு என்ன எழுதட்டும்?" என்று ரக்கியா கேட்டபோது, பின்னால் நின்ற கிழவருக்கு வழிவிட்டு நடந்தான்.

அதற்கடுத்த வியாழன் அவன் போகவில்லை. வண்டி வந்து நின்றது கேட்டது. கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். பந்தலிலிருந்து யாரோ, "கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?" என்று கத்திக்கொண்டே இருந்தார். அப்கர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.